குட்டியை உதவி நாயாக வளர்ப்பது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் உதவி நாய்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். பார்வையற்றவரைக் கூட்டிச் செல்லும் நாய், காது கேட்காதவருக்குக் கதவு மணி அடித்ததைச் சொல்லும் நாய், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த திறப்பை எடுத்துக் கொடுக்கும் நாய், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு சாதாரணக் குடும்பம் குட்டியிலிருந்து வளர்த்துக் கொடுத்த ஒரு வருடம் இருக்கிறது என்று. இங்கிலாந்தில் இருந்த காலத்தில் அங்குள்ள ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளிக்காக இரண்டு குட்டிகளை நானும் வளர்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு கொழும்புக்கே திரும்பி வந்துவிட்டேன், இங்கும் நாய்களோடுதான் இருக்கிறேன். வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

அக்கா, என் அப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வயது 63. லாப்ரடோர் குட்டி ஒன்று வாங்கி, வீடியோ பார்த்துப் பழக்கி, நாங்களே வழிகாட்டி நாயாக்கலாமா?
– ஒரு மகள், வெள்ளவத்தை

தங்கச்சி, நேராகச் சொல்லிவிடுகிறேன், வழிகாட்டி நாயை வீட்டில் உருவாக்க முடியாது. உங்களால் முடியாது என்று சொல்லவில்லை, என்னாலும் முடியாது. நான் வளர்த்த குட்டிகள் 8 கிழமை வயதில் என்னிடம் வந்து, ஒரு வயது தாண்டியதும் பள்ளிக்குத் திரும்பிப் போயின. அதற்குப் பிறகு அங்கே இதையே தொழிலாகப் படித்தவர்கள் பல மாதம் பழக்கினார்கள். பழக்கி முடித்த பிறகும் நாயையும் அதை வைத்திருக்கப் போகிறவரையும் சேர்த்து நடக்க வைத்துப் பார்த்துத்தான் ஒப்படைத்தார்கள்.

இன்னொன்று. நாயின் பட்டையைப் பிடித்துக்கொண்டால் அது கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்கே போகிறோம், எத்தனையாவது சந்தியில் திரும்ப வேண்டும் என்பது மனிதருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும், நாய் செய்வது வழியில் உள்ள தடைகளைச் சுற்றிக் கூட்டிப்போவதும் படிக்கட்டு வந்தால், நடைபாதை முடிந்தால் நிற்பதும்தான். கொழும்பின் காலி வீதியைக் கடக்கும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் எதுவும் சொல்லாது, சிவப்பும் பச்சையும் அதன் கண்ணுக்குச் சரியாகப் பிரிந்து தெரிவதில்லை. வாகன இரைச்சலைக் கேட்டு இப்போது போகலாம் என்று முடிவெடுப்பது அப்பாதான். அவர் ‘போ’ என்று சொன்ன பிறகும் ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று திரும்பி வந்தால் நாய் அசையாமல் நிற்க வேண்டும். சொல் கேட்கவும் தெரிய வேண்டும், கேட்காமல் நிற்கவும் தெரிய வேண்டும். இதை நம் வீட்டு முன் ஒழுங்கையில் பரிசோதித்துப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை, பிழைத்தால் விழுவது அப்பா.

அதனால் முதல் வேலை வெள்ளைப் பிரம்பு. வெளிநாட்டுப் பள்ளிகளிலும் நாய் கேட்டு வருகிறவர் முதலில் பிரம்போடு தன் வழியைத் தானே நடக்கப் பழகியிருக்க வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். அப்பா இன்னும் பழகவில்லை என்றால் அவர் காட்டும் கண் வைத்தியரிடமே நடைப் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் தனியாக மூலைக் கடைவரை போய் வரத் தொடங்கட்டும்.

வீட்டுக்குள் துணையாக ஒரு நாய் வேண்டும் என்றால், அது நல்ல யோசனை, ஆனால் குட்டி வேண்டாம். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். குட்டியின் பல் ஊசி மாதிரி, விளையாட்டாகக் கால்விரலைக் கடித்தாலும் அவருக்குத் தெரியாமல் போய், புண் பெரிதான பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள். காலுக்குள் ஓடி அவரைத் தடுக்கி விழுத்தவும் கூடும். இரண்டு மூன்று வயதான, அமைதியான பெரிய நாய் ஒன்றைத் தேடுங்கள். கழுத்துப் பட்டியில் ஒரு சின்ன மணி கட்டுங்கள், அது எங்கே படுத்திருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். விழுந்ததை எடுத்துக் கையில் கொடுப்பது, செருப்பைக் கொண்டுவருவது, இதெல்லாம் பொறுமையாக வீட்டிலேயே பழக்கலாம்.

என் தங்கைக்குக் காது கேட்காது. அவளுக்காக 9 கிழமைக் குட்டி ஒன்றை எடுத்திருக்கிறோம். முதல் மாதங்களில் என்ன பழக்க வேண்டும்?
– ஒரு அண்ணன், தெஹிவளை

இது வீட்டில் செய்யக்கூடியது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போதைக்கு வித்தை எதுவும் பழக்க வேண்டாம். கை கொடுக்கிறதா, பந்து எடுக்கிறதா என்பதெல்லாம் பிறகு. ஏறக்குறைய 3 கிழமை வயதிலிருந்து 14 கிழமை வயதுக்குள் ஒரு குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் கண்டு, கேட்டு, மிதித்துப் பழகுகிறதோ அதெல்லாம் அதற்கு வாழ்நாள் முழுக்கச் சாதாரண விஷயமாக இருக்கும். அந்தக் காலம் மூடிய பிறகு புதிதாக வருவது எல்லாம் சந்தேகத்துக்குரியது. உங்கள் குட்டிக்கு இன்னும் ஐந்து கிழமைதான் மிச்சம் இருக்கிறது.

ஆனால் தடுப்பூசி முடியவில்லையே என்று கேட்பீர்கள். சரிதான், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி பெரும்பாலும் போய்விடும், மழைத் தண்ணீர் தேங்கிய கானில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. அதனால் தரையில் விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு துணிப்பையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு புகையிரத நிலையத்துக்குப் போய், தள்ளி நின்று, ரயில் வந்து போவதைப் பார்க்க விடுங்கள். பஸ் ஹார்ன், பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டு, மீன்காரரின் கூவல், கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, குடை விரிவது, ஹெல்மெட் போட்ட ஆள், சேலை கட்டிய ஆச்சி, மழைக்கோட்டு, லிஃப்ட் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் துண்டு அவித்த கோழி. ஒரு நாளைக்கு ஒரு புது விஷயம் போதும், பத்து நிமிஷம் போதும். குட்டிகள் நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும், தூக்கம் போதாத குட்டிதான் பேய் பிடித்த மாதிரிக் கடிக்கும். அது பயந்து பின்வாங்கினால் இழுத்துக் கிட்டக் கொண்டுபோகாமல் தூரத்தைக் கூட்டுங்கள்.

வெடிச்சத்தம் கொழும்பில் பெரிய பிரச்சினை. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31, போதாததற்குக் கிரிக்கெட்டில் வென்றாலும் வெடி. போனில் வெடிச்சத்தத்தை மிக மெதுவாகப் போட்டுக்கொண்டு சாப்பாடு வையுங்கள், நாள்போக்கில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பண்டிகை நாளில் உண்மையான வெடி வரும்போது யன்னலைச் சாத்தி, வீட்டுக்குள் உங்களோடு வைத்திருங்கள்.

அடுத்தது மொழி. எங்கள் வீடுகளில் அம்மா ‘இரு’ என்பார், பிள்ளை ‘சிட்’ என்பான், வீட்டு வேலைக்கு வரும் அக்கா சிங்களத்தில் ‘இந்தகன்ன’ என்பார். குட்டி என்ன செய்யும்? வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் அதைவிடக் கைச்சைகைதான் முக்கியம், தங்கையும் நீங்களும் ஒரே சைகையைக் காட்டுங்கள். மலசலத்துக்கும் ஒரு சொல் அல்லது சைகை வையுங்கள். அது போகிற அந்த நொடியில் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டினால், பின்னால் மழை வரும் நேரத்தில் கேட்டவுடன் போகும் நாயாக வளரும், இதன் அருமை பிளட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது, ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழக்குவது. ஒரு பாயை விரித்து, அதில் படுத்திருந்தால் மட்டும் அவ்வப்போது ஒரு துண்டைச் சத்தமில்லாமல் வையுங்கள். நீங்கள் சாப்பிடும்போது, தையல் மெஷின் ஓடும்போது, விருந்தாளி வந்திருக்கும்போது, அந்தப் பாயில் அரை மணி நேரம் சும்மா படுத்திருக்கும் குட்டி பாதி உதவி நாய். தட்டிலிருந்து யாரும் எதையும் கொடுக்கக்கூடாது. ஆச்சி ஒளித்துக் கொடுப்பார், அவரிடம் முதலே கதைத்து வையுங்கள்.

காது கேட்காதவருக்கான வேலையின் அடிப்படை இதுதான்: சத்தம் கேட்டால் ஆளிடம் ஓடிப்போய் மூக்காலோ முன்னங்காலாலோ தொட வேண்டும், பிறகு சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இதை விளையாட்டாக இப்போதே தொடங்கலாம். நீங்கள் கதவு மணியை அடியுங்கள், தங்கை கையில் கோழித்துண்டோடு முழங்காலில் இருக்கட்டும், குட்டி வந்து அவளைத் தொட்டவுடன் கிடைக்கட்டும். மாதக்கணக்கில் அதுவே. பிறகு போன், குசினியில் குக்கர் விசில், அவள் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிடுவது. நெருப்பு அபாய மணிக்கு மட்டும் வேறு, தொட்டுவிட்டு அப்படியே படுக்கப் பழக்குவார்கள், ஏனென்றால் நெருப்பு இருக்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிப் போய்விடக்கூடாது.

சாப்பாடு, குளிப்பு, நடை எல்லாம் தங்கையின் கையால் நடக்கட்டும். குட்டி அழகாக இருக்கிறது என்று வீட்டில் ஆளுக்காள் கொஞ்சினால் அது எல்லோருடைய நாயாகிவிடும், அவளுடைய நாயாக இருக்காது. இதில் நீங்கள் கண்டிப்பாக இருங்கள் தம்பி, அம்மாவுக்குக் கோபம் வந்தாலும்.

‘அடியாத மாடு படியாது’ என்பார்களே. குட்டி செருப்பைக் கடித்தால் இரண்டு தட்டுத் தட்டினால்தானே புத்தி வரும்?
– மட்டக்குளி வாசகர்

அடித்தால் நாய் அடங்கும், ஐயா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் பதிலில் சொன்ன அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: எஜமான் ‘போ’ என்கிறார், வாகனம் வருகிறது, நாய் போக மறுத்து நிற்க வேண்டும். அடிவாங்கி வளர்ந்த நாய் மறுக்கத் துணியுமா? அது கட்டளைக்குப் பயந்து இறங்கும், இருவரும் போய்விடுவார்கள். செருப்பு விஷயத்துக்கு வருவோம். 4 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் பல் மாறும், முரசு அரிக்கும். செருப்பை உயரத்தில் வையுங்கள், குளிரூட்டியில் வைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள், முடிந்தது.

ஊர் நாய்க்குட்டியை இப்படிப் பழக்க முடியுமா? சாதி நாய்தான் வேண்டுமா?
– புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர்

வேலையைப் பொறுத்தது. வழிகாட்டி நாய்க்கு லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர், இரண்டின் கலப்பு, ஜெர்மன் ஷெப்பர்ட் என்று எடுப்பது அழகுக்காக இல்லை. நாயின் உடலில் பூட்டும் பட்டையான ஹார்னஸின் பிடி மனிதரின் கைக்கு எட்டும் உயரம் வேண்டும், பல தலைமுறையாகக் குணம் பார்த்துப் பெருக்கியிருக்க வேண்டும். காது கேட்காதவருக்கான நாய்க்கு அந்த உயரம் தேவையில்லை, அமெரிக்காவில் கைவிடப்பட்ட நாய்களின் காப்பகங்களிலிருந்தே பல நாய்களை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் ஊர் நாய் வெயிலைத் தாங்கும், காது கூர்மை, புத்தி அபாரம். ஆனால் தெருவில் பிறந்த குட்டி முதல் எட்டுக் கிழமையில் மனிதக் கையையே காணாமல் வளர்ந்திருந்தால் கஷ்டம். குட்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு சட்டி மூடியைக் கொஞ்சம் தள்ளித் தரையில் போடுங்கள். துள்ளிப் பயந்து, பிறகு தானாக வந்து மூடியை மோந்து பார்க்கும் குட்டியை எடுங்கள். பயமே இல்லாத குட்டி தேவையில்லை, பயத்திலிருந்து சீக்கிரம் மீளும் குட்டிதான் தேவை. லாப்ரடோர் எடுக்கிறவர்கள் தாய் தகப்பனின் இடுப்பு மூட்டைப் பற்றி விசாரிக்காமல் காசு கொடுக்க வேண்டாம், வெயில் ஏறிய ரோட்டில் நடத்தவும் வேண்டாம். புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக்கூடாது.

இணையத்தில் ‘சேவை நாய்’ என்று எழுதிய ஜாக்கெட் விற்கிறார்கள். அதைப் போட்டு என் நாயை சுப்பர்மார்க்கட்டுக்குக் கூட்டிப்போகலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்

வேண்டாம். உங்கள் நாய் அங்கே ஒரு பிள்ளையைப் பார்த்துக் குரைத்தால், நாளைக்கு உண்மையான உதவி நாயோடு வரும் ஒருவரைக் காவலாளி வாசலிலேயே மறிப்பார். அந்த மனிதருக்கு நாய் இல்லாவிட்டால் கடைக்கே வர முடியாது, உங்களுக்கு அப்படியில்லை.

எங்கள் மாடிக் குடியிருப்பில் எட்டு வீடு. முஸ்லிம் குடும்பங்களும் இருக்கிறார்கள். குட்டியை லிஃப்டில் கொண்டுபோனால் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?
– பம்பலப்பிட்டி வாசகி

குட்டி வருவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதும் போகலாம். தொழுகைக்குச் சுத்தமாகப் போகிறவரின் உடுப்பில் நாயின் எச்சில் பட்டால் அவர் கழுவ வேண்டியிருக்கும், அவருக்கு அது உண்மையான சிரமம். லிஃப்டில் யாராவது இருந்தால் நீங்கள் அடுத்ததுக்கு நில்லுங்கள், கதவு திறக்கும்போது குட்டியை உங்கள் காலுக்குப் பின்னால் இருத்துங்கள். எல்லோரிடமும் ஓடிப் போய் வாலாட்டாமல் இருப்பது உதவி நாய்க்கு வேண்டிய முதல் பழக்கம், அதனால் அயலவருக்காக நீங்கள் செய்வது அப்படியே குட்டிக்கான பாடமும் ஆகிறது. எங்கள் மாடியில் நான் இதைத்தான் செய்தேன். ஆறு மாதம் கழித்து மேல்வீட்டு ஹாஜியார் தள்ளி நின்றபடியே, “இன்றைக்கு உங்கட பிள்ளை ஏன் சோர்ந்து கிடக்கு?” என்று கேட்டார். அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன், உண்ணிக் காய்ச்சல்.

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்க முடியாதா? மற்ற நாடுகளில் எப்படித் தொடங்கினார்கள்? குட்டியை வளர்த்துவிட்டுக் கொடுக்க மனம் வருமா என்பதும் என் கேள்வி, மெல்பேர்னில் என் பேத்தி ஒன்றை வளர்க்கிறாள்.
– ஒரு தாத்தா, கொட்டாஞ்சேனை

ஐயா, முதல் உலகப் போரில் கண் இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1916இல் முதல் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் 1929. பிரிட்டனில் 1931இல் வாலசி என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த ஒரு வாகனக் கொட்டிலை வைத்துக்கொண்டு நான்கு ஷெப்பர்ட் நாய்களைப் பழக்கினார்கள், ஜூடி, ஃபிளாஷ், ஃபோலி, மெட்டா என்று அவற்றுக்குப் பெயர். பழக்கியவரை வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்கினார்கள். வீடுகளில் குட்டி வளர்க்கும் முறை அங்கே 1956இல்தான் வந்தது. ஆகவே பெரிய கட்டடம் இல்லாமலும் தொடங்கலாம், ஆனால் தேர்ந்த பயிற்றுநர் ஒருவராவது இல்லாமல் முடியாது.

நடைபாதையும் வேண்டும். காலி வீதியில் நடைபாதையில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளைச் சுற்ற நாய்க்குப் பழக்கலாம், ஆனால் சந்திக்குச் சந்தி கூட்டமாக வரும் தெருநாய்கள் வேலையில் இருக்கும் நாயை விடாது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் ஒழுங்காக நடப்பது வழிகாட்டி நாய்க்கும் அத்தியாவசியம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். சட்டமும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான நம் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்துக்குள் ஒருவரை அவரது குறைபாட்டைக் காட்டித் தடுக்கக்கூடாது என்கிறது. ஜப்பான் 2002இல் உதவி நாய்களுக்கென்றே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்டோக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் நாயைப் பார்த்ததும் கையை ஆட்டாமல் இருக்க, அப்படி எழுத்தில் இருப்பது உதவும்.

பேத்தி விஷயம். மனம் வராது ஐயா. என் முதல் குட்டி கறுப்பு லாப்ரடோர், பார்லி. வான் வந்த அன்று அவன் வாலாட்டிக்கொண்டு தானாக ஏறிப் படுத்துவிட்டான், புதிய இடத்துக்குப் பயப்படாதே என்று ஒரு வருடம் நான்தானே பழக்கினேன். நான் வீட்டுக்குள் வந்து மூன்று நாள் அவன் தண்ணீர்ச் சட்டியைக் கழுவாமலே வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து, அவனை வைத்திருந்தவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தெருமுனைத் தபால் பெட்டிவரை யாருடைய கையையும் பிடிக்காமல் போய், அந்தக் கடிதத்தைத் தானே போட்டதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத்தான் நான் கையில் வைத்திருந்தேன்.

இரண்டாவது குட்டி தேறவில்லை. புறாக்களைக் கண்டால் தன்னை மறந்துவிடுவாள். எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை, பேத்தியிடம் அதையும் இப்போதே சொல்லுங்கள், தேறாவிட்டால் அது அவள் பிழை இல்லை. என் இரண்டாவது பிள்ளை ஒரு வீட்டில் செல்லமாக இருந்து 13 வயதுவரை வாழ்ந்தாள்.

பேத்தியை ஒரு கொப்பி வாங்கி இன்றிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்: எந்தச் சத்தத்துக்குக் காதை மடக்குகிறது, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறது, வயிறு சரியில்லாவிட்டால் எப்படித் தெரியும், எந்த இடத்தில் சொறிந்தால் அமைதியாகிறது. நாயைக் கொடுக்கும் நாளில் அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பள்ளியில் அதை வாசிப்பார்கள், பார்லியின் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டு இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் விளங்கவில்லை என்று கேட்டார். அது நான் தமிழில் எழுதிய ‘செல்லம்’.